மூன்றில் ஒரு பெயர்

"நல்லா இழுத்துப் பிடிங்கண்ணே, தொய்யுது," என்றாள் வசிலிசா.

சவா திரியின் ஒரு முனையை மனைவியின் கால் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்திப் பிடித்தார். மறுமுனையை வசிலிசா உச்சந்தலையில் வைத்து இழுத்தாள். செத்தவர் என்ன நீளமோ அந்த நீளத்துக்குத் திரி. அதைத் தேன்மெழுகில் தோய்த்துச் சுருட்டி நெஞ்சின் மேல் வைத்து, குழியில் இறக்கும்வரை எரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு வசிலிசாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. நேற்றுக் காலை நெலாவின் மூச்சு நின்ற கால்மணி நேரத்தில் வந்து, கண்ணாடிகளைத் துண்டு போட்டு மூடி, கடிகாரத்தை நிறுத்தி, சாவுப் படையலுக்குக் கோதுமையை ஊறப் போட்டுவிட்டாள்.

"ஒரு சாண் குறைஞ்சுட்டா," என்று திரியைக் கத்தரித்தாள்.

சவாவுக்கு அது தெரியும். இரண்டு வருஷமாகத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, திரும்பப் படுக்க வைத்தவர் அவர். கடைசி மாதங்களில் ஒரு கையே போதுமானதாக இருந்தது. நேற்றிலிருந்து அழுகை வருமென்று காத்திருந்தார். வந்ததெல்லாம் தூக்கம்தான். பெண்டாட்டி சவமாகக் கிடக்கும்போது கொட்டாவி விடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"கோயில் மணி ஏன் இன்னும் அடிக்கல?" என்று கேட்டாள் வசிலிசா. "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நேத்துலேருந்து ஒண்ணுகூட இல்ல. ஊர்ல கேக்கறாங்கண்ணே."

அதற்கான பதில் வாசலில் பூட்ஸைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது. வெனியமின் பாதிரியாருக்கு வயது முப்பதுகூட இல்லை. தலைநகரில் படித்துவிட்டுப் போன வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தார். தாடி இன்னும் சரியாக நிரம்பவில்லை. உள்ளே வந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"சவா அய்யா, அவங்க பேரு?"

"நெலா. ஊருக்கே தெரியுமே சாமி."

"கூப்பிடற பேரு இல்லைங்க. பத்திரத்துல நினெல்னு இருக்கு. லெனின் பேரைப் பின்னாலிருந்து எழுதினது அது. அதைச் சொல்லி நான் கடவுள்கிட்ட எப்படி மன்றாடறது? ஞானஸ்நானத்துல என்ன பேரு வச்சாங்க?"

சவா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்லிவிடுவாள் போல.

"ஒரு பேரு இருக்கு சாமி. என்னன்னு எனக்குத் தெரியாது."

"முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க!"

"ஆமா. முப்பத்தெட்டு."

பாதிரியாருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். "ஞானஸ்நானம் ஆச்சுங்கறதுக்கு ஒரு சாட்சி. அப்புறம் பேரு. இந்த ரெண்டும் கிடைச்சா உடனே மணி அடிக்கச் சொல்றேன், நாளைக்கு மத்தியானம் முறைப்படி எல்லாம் நடத்தறேன். இல்லேன்னா, ஏதோ ஒரு சின்ன ஜெபம். கல்லறைத் தோட்டத்துல அவங்கம்மா பக்கத்துல முடியாது. ஓரமா, அந்த வேலிக்கு..."

நெலா கேட்டது இரண்டே இரண்டுதான். போன மாதம், வலி கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு மத்தியானத்தில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு மணி அடிக்கணும். எங்கம்மா பக்கத்துல போடணும். வேற ஒண்ணும் வேண்டாம்." இரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அவ்வளவுதான். சவா சரி என்று சொல்லியிருந்தார்.

அவள் அப்பா கூட்டுப்பண்ணைத் தலைவர். கட்சி அட்டையைச் சட்டைப்பையில் குத்திவைத்துக்கொண்டே தூங்குவார் என்று ஊரில் கேலி செய்வார்கள். கோயிலைப் பூட்டி உரமூட்டை அடுக்கியது அவர்தான். மகளுக்கு நினெல் என்று பெயர் வைத்து, அதற்காக மாவட்டத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும் வாங்கினார். அம்மாக்காரி சாகும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வேற ஒரு பேரு இருக்குடி. ப்ரோஃபிராவைக் கேளு," என்று சொல்லிவிட்டுப் போனாள். நெலா கேட்கவில்லை. அரசாங்கம் மாறியது, கோயில் திறந்தது, ஊரே வரிசையில் நின்று நற்கருணை வாங்கியது. நற்கருணை வாங்கப் போனால் பாதிரியார் பெயரைக் கேட்பார். நெலா ஈஸ்டருக்கு ஈஸ்டர் கூடையோடு கோயில் வெளிவாசல் வரை போய் அங்கேயே நின்றுவிடுவாள்.

"போய்க் கேட்டுட்டு வாயேன்," என்று சவா எத்தனையோ தடவை சொன்னதுண்டு.

"கேட்டா சொல்லிடுவா. சொன்னா உள்ள போகணும். உள்ள போனா எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க."

பார்ப்பார்கள்தான். அதற்கும் காரணம் இருந்தது.

முற்றத்தில் தச்சன் பிந்திலி சவப்பெட்டியின் மூடிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான். சவா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"ப்ரோஃபிரா அத்தை வீட்டுக்கு. அவ பேரைக் கேக்கணும்."

பிந்திலி இழைப்புளியைக் கீழே வைத்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இந்த ஊர்ல எல்லார் பேரையும் மாத்தினது நெலா அத்தைதான். இப்ப அவங்க பேரை நாம தேடிட்டு அலையறோம்."

நெலா இருபத்தொன்பது வருஷம் கிராம அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிந்தவள். மேலிடத்தில் ரஷ்ய முறைப்படி எழுது என்றார்கள். இயோன் என்று வந்து சொன்னவனை இவான் என்று எழுதினாள். சோபானு என்ற குடும்பத்தைச் செபான் என்று எழுதினாள். பிறகு நாடு தனியானது. மேலிடத்தில் நம் முறைப்படி எழுது என்றார்கள். அப்படியும் எழுதினாள். பிந்திலி எண்பத்து நாலில் பிறந்தான், அவன் செபான். தம்பி தொண்ணூற்று ஒன்றில் பிறந்தான், அவன் சோபானு. இரண்டும் அவள் கையெழுத்துதான், அழகான, சாய்வான கையெழுத்து.

"ஒரே வயித்துல பொறந்தோம்னு கோர்ட்ல நிரூபிக்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றான் பிந்திலி. "நீதிபதியே கேட்டாரு, அப்பா வேற வேறயான்னு. எங்கம்மா அங்கேயே மயக்கம் போட்டுட்டா."

"தெரியும்டா. அன்னைக்கு ராத்திரி இவ சாப்பிடல."

பிந்திலி இழைப்புளியைக் கையில் எடுத்தான். "வழி சேறா இருக்கு. ஓரமாப் போங்க மாமா," என்றான்.

ப்ரோஃபிரா அத்தைக்கு எண்பத்து மூன்று. அந்தக் காலத்தில் பண்ணையில் பால் கறந்தவள். அடுப்போரம் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். சவா விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கதிரைக் கூடையில் போட்டாள்.

"இத்தனை வருஷம் கழிச்சாடா கேக்க வர்றீங்க?"

"அவ கேக்க விடல அத்தை."

"திமிரு. அவங்கப்பன் மாதிரி." உடனே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, செத்தவளைப் பத்திப் பேச வச்சுட்டான் பாரு. உக்காரு. ஞானஸ்நானம் ஆச்சுடா. நான்தான் ஞானத்தாய். கோயில் மேல அடிச்சுச் சொல்றேன், சாட்சி வேணும்னா அந்தப் பொடியன் பாதிரியை இங்க வரச் சொல்லு."

சவா உட்கார்ந்தார். "பேரு அத்தை?"

"அங்கதான் சிக்கல்."

அவள் சொன்ன கதை இது. திராட்சை பறிக்கும் காலம். ஆண்கள் மூன்று பேரும் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். பண்ணைத் தலைவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், போலீஸ்காரர். கோயிலைப் பூட்டிய அதே மூன்று பேர். மூன்று பேர் பெண்டாட்டிகளும் சேர்ந்து பேசிவைத்து, பன்னிரண்டு கல் தாண்டி ஒரு பாதிரியாரை வரவழைத்தார்கள். தையல் மெஷின் ரிப்பேர்காரர் வேஷத்தில், கையில் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். தலைவர் வீட்டு நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறப்போடும் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினார்கள். மூன்று வீட்டிலும் கைக்குழந்தை, மூன்றும் பெண்.

"பகல் பன்னெண்டு மணிதான். ஆனா நிலவறையில என்ன பகல்? மெழுகுவத்தி ஏத்தினோம். பீப்பாயெல்லாம் புதுச் சாறு, நுரைச்சுக் கொதிக்குது. அந்த ஆவியில மெழுகுவத்தி நிக்குமாடா? பொசுக்குனு அணைஞ்சுது. ஏத்தினோம், மறுபடி அணைஞ்சுது. பாதிரியாருக்குத் தலை சுத்துது. கொழந்தைங்க மயங்கிடுமோன்னு எங்களுக்குக் குலை நடுக்கம். 'கொடு, கொடு'ன்னு அவரு கையை நீட்டறாரு, நாங்க இருட்டுல கைக்கு வந்ததைக் கொடுக்கறோம். முக்கினாரு, பேரைச் சொன்னாரு. அடுத்தது. முக்கினாரு, பேரைச் சொன்னாரு. மூணு நிமிஷம் ஆகியிருக்காது. மேல ஏறி வந்து வெளிச்சத்துல பார்த்தா மூணும் கத்துது, மூணும் நனைஞ்சிருக்கு. எது எந்தப் பேருன்னு யாருக்குத் தெரியும்?"

"என்ன பேரு சொன்னாரு?"

"வர்வாரா. மெலானியா. தெக்லா. இந்த வரிசையில."

"மத்த ரெண்டு பேரும்?"

"வாத்தியார் மக நாலு வயசுல அம்மை கண்டு போயிடுச்சு. போலீஸ்காரன் மக சைபீரியாவுக்குக் கட்டிக்கிட்டுப் போனா, அங்கேயே போய்ச் சேர்ந்துட்டா. உன் பொண்டாட்டிதான் கடைசி."

சவா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "தப்பான பேரைச் சொல்லிட்டா?"

ப்ரோஃபிரா யோசித்தாள். "சொல்லிட்டா என்ன? ஜெபம் அந்த ரெண்டு பேர்ல ஒருத்திகிட்டப் போகும். ஒண்ணா முக்கின பிள்ளைங்க. பக்கத்து வீட்டுக் கடுதாசி நம்ம வீட்டுக்கு வந்தா எடுத்துட்டுப் போய்க் கொடுக்கறதில்ல? கொடுத்துடுவா."

சவா திரும்பி வரும்போது வீட்டு வாசலில் வெள்ளை வேன் நின்றிருந்தது. மகள் ஸ்தெலா இத்தாலியிலிருந்து நேற்றுக் கிளம்பி, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்திருந்தாள். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் பிதுங்கியது. அங்கே பதினொரு வருஷமாகக் கிழவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாவின் தலைமாட்டில் நின்று, மற்றவர்கள் கட்டிய தலைத்துண்டை அவிழ்த்து, திரும்பவும் சரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க நாலு பேரைக் கண்ணை மூடி அனுப்பி வச்சேம்பா," என்றாள் திரும்பாமலே. "நாலு பேருக்கும் நான்தான் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். யார் யாரோ பெத்தவங்க."

"நான் இருந்தேன்," என்றார் சவா. "தனியா விடல."

அவள் அப்பாவின் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். சவா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஒரு நொடி நின்றபடியே தூங்கிப் போனார்.

மூன்று பெயரையும் சொன்னபோது ஸ்தெலாவுக்குக் கோபம் வந்தது. "இதென்ன குலுக்கல் சீட்டா? அம்மா நெலா. அவ்வளவுதான். சாமிக்கு இஷ்டம் இருந்தா நெலான்னு சொல்லட்டும், இல்லேன்னா போகட்டும். நாமளே புதைப்போம்."

"உங்கம்மா மணி அடிக்கச் சொன்னாம்மா."

"அதுக்காகக் கடவுள் முன்னால பொய் சொல்லுவியாப்பா?"

சவா எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்லிவிட்டு, பெஞ்சியை இழுத்துப் போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வர்வாரா," என்று சொல்லிப் பார்த்தார். உடனே பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர்களுக்குச் சமைத்துப் போட்ட வர்வாரா ஞாபகத்துக்கு வந்தாள். மீசை, கரண்டி, கெட்ட வார்த்தை எல்லாவற்றோடும். அது நடக்காது.

"தெக்லா." பின்கட்டில் ஆடு கத்தியது. ஆட்டுக்குப் பெயர் தெக்லாதான். வைத்தது நெலா. மனைவியையும் ஆட்டையும் ஒரே பெயரில் எப்படிக் கூப்பிடுவது? சவாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் இருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்று தோன்றியபோது சிரிப்பு நின்றது.

"மெலானியா."

அந்தப் பெயரில் அவருக்கு யாரையும் தெரியாது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. யாரோ ஒருத்தி. இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வராதவள். முப்பத்தெட்டு வருஷம் ஒரே போர்வையில் படுத்தவளைக் கடைசி நாளில் ஊர் பேர் தெரியாத ஒருத்தியாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எழுந்து, முகம் கழுவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

வெனியமின் பாதிரியார் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். ப்ரோஃபிரா வீட்டுக்குப் போய்ச் சாட்சியைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நிலவறைக் கதையும் அதில் வந்திருக்கும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மூணு பேரையும் சேர்த்துப் படிச்சுட முடியாதா சாமி?"

"ஒரு ஆளுக்கு ஒரு பேருங்க."

"அப்படின்னா மெலானியா."

"நிச்சயமாத் தெரியுமா அய்யா?"

சவா வாழ்க்கையில் பொய் சொல்லத் தெரியாதவர். பண்ணையில் எல்லோரும் டீசல் திருடிய காலத்தில் திருடாமல் இருந்து பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியவர். பாதிரியாருக்குப் பின்னால் சுவரில் புனிதர்கள் வரிசையாக நின்று அவரையே பார்த்தார்கள். பயமாகத்தான் இருந்தது.

"அவளே சொன்னா," என்றார். "போன மாசம். மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

இளம் பாதிரியார் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினார். மணி அடிப்பவனைக் கூப்பிட்டார்.

சவா வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபோது மணி அடித்தது. தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒருவன் நின்று தொப்பியைக் கழற்றினான். முற்றத்தில் பிந்திலி ஆணியை வாயில் கவ்வியபடியே சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். ஸ்தெலா ஜன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் எல்லாம் முறைப்படி நடந்தது. வண்டி நின்ற ஒவ்வொரு திருப்பத்திலும் வழியில், ஆன்மா கடந்துபோகப் பாலமாக, துணி விரித்தார்கள். பிந்திலியும் அவன் தம்பியும் பெட்டியின் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வந்தார்கள், செபானும் சோபானுவும். ஊர் மொத்தமும் வந்திருந்தது. பேர் மாற்றப்பட்டவர்கள், பேர் திரும்பக் கிடைத்தவர்கள், அதற்காக இன்னும் அலைந்துகொண்டிருப்பவர்கள். "வந்துதானே ஆகணும், என் கல்யாணத்தையும் எழுதினவ," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

வெனியமின் பாதிரியாருக்கு நல்ல குரல். "உமது அடியாள் மெலானியா" என்று அவர் பாடும்போதெல்லாம் கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு பழகிவிட்டது. பெண்கள் மெலானியாவுக்காக அழுதார்கள். சவாவுக்குத்தான் பழகவில்லை. வேறு யார் வீட்டுச் சாவுக்கோ வந்து, உட்கார இடம் கிடைக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளுக்குள் வேறு ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. ப்ரோஃபிரா சொன்னது ஜெபத்துக்குச் சரி. ஆனால் கூப்பிடும்போது? அங்கே போய் நிற்கும்போது கூப்பிடுவார்களே, அப்போது இவளுக்கு எப்படித் தெரியும்?

குழி அவள் அம்மாவின் சிலுவையை ஒட்டியே வெட்டியிருந்தது. பெட்டியைப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள்.

"கடைசி முத்தம் கொடுக்கறவங்க வாங்க," என்றார் பாதிரியார்.

ஸ்தெலா குனிந்தாள். வசிலிசா குனிந்தாள். ப்ரோஃபிராவை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கடைசியாகச் சவா. மண்டியிட்டு, நெற்றியில் உதட்டை வைத்தார். பிறகு, முகத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அவள் காதோடு பேசினார்.

"இந்தா பாரு. அங்க மெலானியான்னு கூப்பிடுவாங்க. அது நீதான். வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு வாசல்லயே நின்னுடாத. உள்ள போ."

எழுந்தார். பிந்திலியும் தம்பியும் மூடியைத் தூக்கினார்கள்.

"இருங்கடா," என்றார் சவா.

அது இடது காது. சின்ன வயதில் சீழ் வைத்து, அந்தப் பக்கம் அவளுக்குச் சுத்தமாகக் கேட்காது. மூடியைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரும் நின்றார்கள். பாதிரியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சவா வெட்டிப் போட்ட மண்ணின் மேல் கால் வழுக்காமல், பெட்டியின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் போனார். மறுபடியும் மண்டியிட்டு, தலைத்துண்டை விரலால் ஒதுக்கி, வலது காதில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.